சீரியல் கார்ட் தகராறு: லினக்ஸ் ட்ரைவர் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்துக் கடைத் தராசுகளும் ஆய்வுகூடக் கருவிகளும் இன்னும் சீரியல் (பிட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பும் பழைய முறை) வழியாகத்தான் கணினியோடு பேசுகின்றன. புதுக் கணினியில் அந்தப் போர்ட் இல்லாததால் எல்லோரும் கார்ட் வாங்கிப் போடுகிறார்கள். அதில் வரும் சிக்கல்களைக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

சுன்னாகம்: அண்ணா, தராசு நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்புகிறது. நானும் 9600 தான் வைத்தேன். வருவதெல்லாம் குப்பை எழுத்து. வயரும் மாற்றியாயிற்று.

வயரை விடுங்கள் தம்பி, கார்டின் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய சீரியல் சிப்புக்கு 1.8432 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல், அதாவது கடிகாரத் துடிப்பைத் தரும் பாகம், இருக்கும். அதை 16 ஆல் வகுத்தால் 115200. வேறு தகவல் இல்லாவிட்டால் ட்ரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இதையே அடிப்படை வேகமாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் 9600 கேட்டால் 115200 ஐ 9600 ஆல் வகுத்து, வகுத்தி 12 என்று சிப்பில் எழுதும். ஆனால் உங்கள் கார்டில் 14.7456 மெகாஹேர்ட்ஸ் இருந்தால் எல்லாம் எட்டு மடங்கு. போர்ட் உண்மையில் 76800 இல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு சோதனை. தராசைத் தொடாமல், மினிகாம் என்ற சீரியல் நிரலில் மட்டும் 1200 என்று வையுங்கள். நிறை தெளிவாக வந்தால் எட்டு மடங்கு உறுதி. 2400 இல் வந்தால் நான்கு மடங்கு. திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் இரண்டு நாள் வயரோடு மல்லுக்கட்டிய பிறகுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. கார்டில் கிறிஸ்டலின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், சில சிப்புகள் அதை உள்ளேயே பெருக்கிக்கொள்ளும். இப்போதைக்கு செட்சீரியல் கட்டளையால் அடிப்படை வேகத்தை 921600 ஆக்கி வேலையைத் தொடருங்கள். நிரந்தரத் தீர்வு ட்ரைவர் கார்டுகளைப் பட்டியலிடும் அட்டவணையில் சரியான எண்ணைப் போடுவதுதான்.

நல்லூர்: ஒக்ஸ்போர்ட் சிப் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்ட். ஒரு கருவியோடு ஒழுங்காகப் பேசுகிறது, இன்னொன்றோடு எழுத்து தவறுகிறது.

உங்கள் கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பழையதா? அந்தச் சிப் ஓடுவது 62.5 மெகாஹேர்ட்ஸில், அதாவது அடிப்படை 3906250. ட்ரைவரில் பல காலம் 4000000 என்று இருந்தது. வித்தியாசம் 2.4 வீதம் வரும். இரு பக்கப் பிழையும் சேர்ந்து ஏறத்தாழ 5 வீதம் வரை சீரியல் தாங்கும், அதனால் துல்லியமான கருவி தப்பிவிடும், கொஞ்சம் விலகிய கருவி மாட்டிக்கொள்ளும். புதிய கேர்னலில் எண் திருத்தப்பட்டிருக்கிறது.

கிளிநொச்சி, பொறியியல் பீட மாணவி: எல்எஸ்பிசிஐ (கணினியில் செருகிய கார்டுகளைக் காட்டும் கட்டளை) பட்டியலில் கார்ட் தெரிகிறது, போர்ட் மட்டும் உருவாகவில்லை.

முதலில் கேர்னலின் போர்ட் எண்ணிக்கையைப் பாருங்கள் தங்கச்சி. பல இடங்களில் 4 தான் இருக்கும், அது நிரம்பியிருந்தால் புதுப் போர்ட்டுக்கு இடமில்லை. 8250 என்ற சீரியல் ட்ரைவரின் என்ஆர்-யூஆர்டிஸ் (போர்ட் எண்ணிக்கை) அளவை 8 ஆக்கி பூட் பண்ணுங்கள். அப்புறம், கார்டில் பிரிண்டர் போர்ட்டும் இருந்தால் பார்போர்ட்-சீரியல் என்ற வேறு ட்ரைவர் வேண்டும். சிப் நெட்மொஸ் 9835 என்றால், கார்டில் பதிந்திருக்கும் துணை அடையாள எண்ணே விடை சொல்லும். 0012 என்று இருந்தால் ஒரு பிரிண்டர் போர்ட், இரண்டு சீரியல் போர்ட். கடைசி இலக்கம்தான் சீரியல் எண்ணிக்கை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

பருத்தித்துறை: கொஞ்சம் அனுப்பிவிட்டு நின்றுவிடுகிறது. மறுபக்கத்திலிருந்து ஏதாவது வந்தால் மறுபடி ஓடுகிறது.

அனுப்பும் இடம் காலியானதும் சிப் இன்டரப்ட் (கணினியைக் கவனிக்க அழைக்கும் சைகை) கொடுக்க வேண்டும், உங்கள் சிப் அதை விழுங்கிவிடுகிறது. எழுத்து ஒன்று உள்ளே வந்தால் அதற்கான இன்டரப்ட் ட்ரைவரை எழுப்ப, மிச்சமும் போய்விடுகிறது. போர்ட்டைத் திறக்கும்போது கேர்னல் இதைச் சோதித்து, குறை கண்டால் டைமர் ஒன்றைத் துணைக்கு வைக்கும். அந்தச் சோதனையிலும் அகப்படாத சிப்புக்கு ட்ரைவரில் ‘இந்தச் சிப்பில் குறை உண்டு’ என்ற அடையாளத்தை நாமே போட வேண்டும்.

மானிப்பாய்: சிப் எண்ணை மட்டும் வைத்து ட்ரைவரைத் திருத்தினேன், என் கார்ட் ஓடுகிறது. கேர்னல் குழுவுக்கு அனுப்பலாமா?

தயவுசெய்து அப்படியே அனுப்பாதீர்கள். ஒரே சிப்பை நாலு கொம்பனி வாங்கி, நாலு விதக் கிறிஸ்டலோடு விற்கும். உங்கள் திருத்தம் அந்தச் சிப் உள்ள எல்லா கார்டுக்கும் செயற்பட்டால், உலகத்தில் எங்கோ ஒழுங்காக ஓடிய ஒருவரின் இயந்திரம் அடுத்த அப்டேட்டில் குப்பை எழுத்துக் கக்கும். ஏன் என்று அவருக்குப் புரியவே புரியாது. ஆகவே துணைத் தயாரிப்பாளர் எண் (கார்டை விற்ற கொம்பனியைக் குறிப்பது), துணை அடையாள எண் இரண்டையும் சேர்த்துப் பொருத்துங்கள். அட்டவணையில் முதலில் பொருந்துவதே எடுக்கப்படும், எனவே உங்கள் வரி பொதுவான வரிக்கு மேலே நிற்க வேண்டும். தயாரிப்பாளர் துணை எண்ணை மாற்றாமலே விட்டிருந்தால், கார்டிலிருந்து வேறு எதைப் படித்து அடையாளம் காணலாம் என்று தேடுங்கள், அவசரம் வேண்டாம். போர்ட்டின் 2, 3 ஆம் முள்களை (அனுப்புவதும் பெறுவதும்) இணைத்து, அனுப்பியது திரும்பி வருகிறதா என்று ஒவ்வொரு போர்ட்டையும் சோதித்து, எல்எஸ்பிசிஐ காட்டிய எண்களைப் பேட்ச் (திருத்தக் கோப்பு) விளக்கத்தில் எழுதிவிட்டு அனுப்புங்கள்.