அப்பா கரம் விளையாடப் போகட்டும்

கேள்வி: அப்பா கணக்கு ஆசிரியராக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றவர். இப்போது கரம் போட்டி என்று யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் போய் வருகிறார். அடுத்தது சென்னையாம். ஒரு சின்னப்பிள்ளை விளையாட்டுக்காக இந்த வயதில் இவ்வளவு அலைச்சல் தேவையா?
– ஒரு மகன், வெள்ளவத்தை

பதில்: தம்பி, அலைச்சலைப் பற்றிப் பிறகு கதைப்போம். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஒழுங்கான போட்டி ஒன்றுக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். 29 அங்குலச் சதுரப் பலகை. காய்களை அடிக்க, 15 கிராமுக்கு மேற்படாத ஸ்ட்ரைக்கர். கதிரையை விட்டு எழும்பக் கூடாது, அதை இழுத்துப் போடவும் கூடாது. சிவப்புக் காயைப் பொக்கட்டில் போட்டால் மட்டும் போதாது. அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றைப் போட்டுக் கவர் பண்ண வேண்டும். தவறினால் சிவப்பு திரும்பவும் நடுவுக்கு வந்து உட்கார்ந்துவிடும். அந்த ஓர் அடிக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்களின் விரலே நடுங்கும். எந்தச் சின்னப்பிள்ளையை அப்படி இருத்தி வைப்பீர்கள்? நாற்பது வருடம் கோணம் படிப்பித்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு ஏது? ஓடத் தேவையில்லை, முழங்காலுக்கு வேலையில்லை. கண்ணும் விரலும் பொறுமையும் இருந்தால் போதும்.

1996இல் நாம் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்றதை நேற்றுப் பிறந்த பிள்ளையும் சொல்லும். 2012இல் இதே கொழும்பில் நிஷாந்த பெர்னாண்டோ கரம் உலகச் சம்பியன் ஆனாரே, உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்? விளையாட்டுப் பக்கம் முழுவதையும் கிரிக்கெட்டுக்கே எழுதிக் கொடுத்துவிட்ட பத்திரிகைக்காரர்கள் மீது எனக்கு உள்ள கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

அப்புறம் பவுடர். முகத்துக்குப் பூசும் பவுடரையும் அரிசி மாவையும் பலகையில் கொட்டுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. மாவு ஈரத்தை இழுத்துத் திரண்டுவிடும். நன்றாக அடித்த காய் பொக்கட்டுக்கு முன்னால் வந்து படுத்துக்கொள்ளும். போரிக் பவுடர்தான் போட வேண்டும், அதுவும் ஒரு சிட்டிகை. உள்ளங்கையால் பரவத் தேய்த்து, மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். பலகை வெள்ளையாகத் தெரிந்தால் பவுடர் கூடிவிட்டது என்று அர்த்தம்.

அலைச்சலுக்கான பதிலும் இதிலேதான் இருக்கிறது. வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஊறிய பலகையில் ஓங்கி அடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்த பலகையில் அதே அடி அடித்தால் காய் நாலு பக்கமும் முட்டிக்கொண்டு திரும்பி வரும். சும்மா தட்டினாலே போதும். வீட்டுப் பலகையிலேயே விளையாடுகிறவருக்கு அந்த ஒரு பலகைதான் பழகும். வேறு பலகையும் வேறு கைகளும் வேண்டுமென்றால் ரயில் ஏறத்தான் வேண்டும்.

அதிலும் சென்னை! சர்வதேச கரம் சம்மேளனம் 1988இல் தொடங்கப்பட்டதே அங்கேதான். 1991, 1995 என்று இரண்டு தடவை உலகச் சம்பியனான மரிய இருதயம் அந்த ஊர்க்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையில் ஓட்டோ ஓட்டுபவரின் மகள். அந்தப் பக்கத்துக் கிளப் ஒன்றில் பின்னேரம் போய் உட்கார வேண்டுமென்று உங்கள் அப்பா ஆசைப்படுவதில் என்ன பிழை? சேர்த்து வைத்த காசில் அவர் கேட்கிற ஒரே செலவு இது என்றுதான் நினைக்கிறேன்.

மறிக்காதீர்கள். செய்வதென்றால் ஒன்று செய்யுங்கள்: அவருடைய கண்ணாடியைக் கவனியுங்கள். வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளையாடினால் எதிர் மூலை மங்கும். பலகைத் தூரத்தை அளந்துகொண்டு போய்க் கண் வைத்தியரிடம் சொல்லி, அதற்கென்றே ஒன்று செய்து கொடுங்கள். ஸ்ட்ரைக்கரை அவரே பத்திரமாகக் கொண்டு போவார். போரிக் பவுடரை மட்டும் கைப்பையில் வைக்க விடாதீர்கள். கட்டுநாயக்கவில் ஒரு பை வெள்ளைத் தூளை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் விமானம் போய்விடும். சென்னையில் விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.