துப்பாக்கிச் சட்டம் கடுமையானால் கொலைகள் குறையுமா?

குறைய வாய்ப்பு உண்டு, ஆனால் எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைக் கொன்றதும், அரசு சட்டத்தைக் கடுமையாக்கி, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது. அப்புறம் துப்பாக்கிக் கொலைகள் குறைந்தன. சரி, சட்டத்தால்தானா? அதற்கு முன்பே அவை இறங்குமுகம்தான். ஆய்வாளர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு அமெரிக்காவின் மிசூரி மாநிலம்தான் வலுவான சான்றாகப் படுகிறது. அங்கே கைத்துப்பாக்கி வாங்க ஷெரீஃப் (உள்ளூர்க் காவல் தலைவர்) அலுவலகத்துக்கு நேரில் போய் அனுமதி பெற வேண்டியிருந்தது. சட்டப்படி வாங்க முடியாத அடுத்தவனுக்காக வாங்கித் தருபவன் அந்த வாசலிலேயே தயங்குவான். 2007-ல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். துப்பாக்கிக் கொலைகள் கூடின.

நாடுகளை ஒப்பிடும்போது மட்டும் ஜாக்கிரதை: சுவிட்சர்லாந்தில் துப்பாக்கிகள் ஏராளம், கொலைகளோ சொற்பம்.