கலை வரலாறு படித்தால் சம்பளம் வருமா?

ஐயா, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிறவர் நீங்கள். கணக்கு எங்கே உதைக்கிறது என்று சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பாப்பா கலை வரலாறும் படிக்க வேண்டும், டக்ளஸ் கூப்பர் என்ற பிரிட்டிஷ் கலை வரலாற்றாளர் மாதிரி நவீன ஓவியங்களும் சேர்க்க வேண்டும் என்கிறாள். "படிச்சா சம்பளம் வருமா, இல்ல படம் வாங்கவும் நானே பணம் கொடுக்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு வேறு, சேகரிப்பு வேறு. இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

கூப்பர் பணக்கார வீட்டுப் பிள்ளை. குடும்பச் சொத்தில் தனக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி பிக்காசோ, பிராக், ஹுவான் கிரி, லெஜே ஆகியோரின் கியூபிசப் படங்களாக, அதாவது உருவங்களைக் கோண வடிவங்களாக உடைத்து வரைந்த படங்களாக, வாங்கினார். அந்த வழி நமக்கு ஒத்துவராது.

அவளுக்கு ஜார்ஜ் கொஸ்டாக்கிஸைச் சொல்லுங்கள். மாஸ்கோவில் கனடா தூதரகத்தில் சம்பளத்துக்கு இருந்தவர். சோவியத் அரசு ஒதுக்கிவைத்த அவாங்-கார்ட் ஓவியங்களை, அதாவது பழைய பாணியை உடைத்துப் புதுவழி தேடிய ஓவியங்களை, 1946 முதல் தேடித் தேடிச் சேர்த்தார். அப்படி வரைந்தவர்களில் ஒருவரான லியுபோவ் பொப்போவா பிளைவுட்டில் வரைந்த ஒரு படத்தை ஒரு வீட்டில் ஜன்னலை மறைக்க அடித்து வைத்திருந்தார்களாம். வேறு பிளைவுட் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அதைக் கழற்றித் தந்தார்களாம். 1977இல் நாட்டை விட்டுப் போகும்போது பெரும்பகுதியை மாஸ்கோவின் ட்ரெட்டியாகோவ் காட்சிக்கூடத்துக்கே விட்டுவிட்டார். அத்தனை வருஷமும் சோறு போட்டது தூதரக வேலைதான்.

படிப்புக்கு வருவோம். பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் இளங்கலையிலேயே கலை வரலாறு உண்டு. அவ்வளவு தூரம் அனுப்பத் தயக்கமா? சேலத்திலேயே வரலாறோ ஆங்கிலமோ முடிக்கட்டும். முதுகலைக்கு டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யூ.) முயலலாம். நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி வேலைக்கு வழி உண்டு. கேலரி, ஏல நிறுவனம், பதிப்பகம் எல்லாம் பெருநகரங்களில்தான். தொடக்கச் சம்பளம் குறைவு, மறைக்க மாட்டேன். அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணி எப்போதாவதுதான் வரும்.

அவள் நன்றாக வரைவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இங்கே அவ்வளவாக உதவாது. பார்ப்பதும் எழுதுவதும்தான் இந்தத் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். ஒரே ஒரு தூண். போனில் படம் எடுக்காமல் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, இரண்டு பக்கம் எழுதட்டும். சலிப்புத் தட்டினால் வேறு படிப்பு பேசலாம். எழுதிவிட்டால் அந்தத் தாளோடு இருவரும் வாருங்கள், செலவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.