எண்ணெய் மேடைக்குப் பக்கத்தில் கூண்டு: தாய்மீன்கள் பருவம் தவறுவது ஏன்?

கேள்வி: கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்கிறேன். நீரோட்டம் வரும் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் மேடை இருக்கிறது. தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிவதில்லை. ஆனாலும் தாய்மீன்கள் பருவம் தப்பி முட்டையிடுகின்றன, பொரிப்பும் குறைகிறது. மேடைதான் காரணமா?

பதில்: இருக்கலாம். படலம் இல்லை என்பதால் சந்தேகத்தை விட்டுவிட வேண்டாம். கச்சா எண்ணெயோடு பூமிக்கு அடியிலிருந்து நீரும் வருகிறது. எண்ணெயைப் பிரித்தபின் பல இடங்களில் அந்த நீரைக் கடலிலேயே விடுகிறார்கள். கிணறு பழசாக ஆக நீரின் பங்கு கூடிக்கொண்டே போகும். வடகிழக்கு அட்லாண்டிக்கில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் எண்ணெய் என்று வரம்பு உண்டு. ஆனால் அது நீரில் சிதறிக் கிடக்கும் எண்ணெய்த் துளிகளுக்கான கணக்கு. அந்த நீரில் கரைந்துபோன ஆல்கைல்ஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் அதில் சரியாகப் பிடிபடாது. இனப்பெருக்கத்தில் கைவைப்பது அவைதான்.

இவற்றில் சில, பெண் ஹார்மோன் போலவே வேலை செய்யும். நார்வேயில் காட் மீன்களுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது பெண்மீன்களில் முட்டை முதிர்வது தள்ளிப்போனது. ஆண்மீன்களில் விந்தணு குறைந்தது. விட்ட நீர் கடலில் வேகமாக நீர்த்துப்போகும் என்பதால், உங்கள் கூண்டுக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பதுதான் கேள்வி.

பொரிப்பு குறைவதற்குக் கரைந்த எண்ணெயின் வளைய ஹைட்ரோகார்பன்களும் (வளைய வடிவில் கார்பன் கோத்த சேர்மங்கள்) காரணமாகலாம். பெரிய மீன் தாங்கும் அளவை முட்டை தாங்காது. கருவின் இதயத்தைச் சுற்றி நீர் கோத்து, முதுகு வளைந்த குஞ்சு வரும். பொரிக்காத முட்டைகளையும் புதுக் குஞ்சுகளையும் நுண்ணோக்கியில் பாருங்கள்.

அதற்கு முன் தீவனம், தாய்மீனின் வயது, நீரின் வெப்பம் மூன்றையும் சரிபாருங்கள். மேடையிலிருந்து வெகு தூரத்தில் வளர்ப்பவர்களுக்கும் இதே தொல்லை என்றால் வெப்பம் போன்ற பொதுவான காரணமாக இருக்கலாம்.

அப்புறம் ஆய்வகம். ஆண்மீனின் ரத்தத்தில் வைட்டலோஜெனின் பார்க்கச் சொல்லுங்கள். பெண்மீன் முட்டைக்கரு சேர்ப்பதற்கான புரதம் அது. ஆண்மீனில் நிறைய இருந்தால் ஹார்மோன் குழப்பம் உறுதி. ஹைட்ரோகார்பனுக்குச் சதையைச் சோதிப்பது பெரும்பாலும் வீண், மீனின் கல்லீரல் அதைச் சீக்கிரம் சிதைத்துப் பித்தநீருக்குத் தள்ளிவிடும். பித்தநீரைத்தான் எடுக்க வேண்டும். தீனி தின்றவுடன் பித்தப்பை காலியாகிவிடுவதால், ஒன்றிரண்டு நாள் தீனி நிறுத்தியபின் எடுத்து, வெளிச்சம் படாமல் உறையவைத்து அனுப்புங்கள். மேடைக்கு எட்டாத இடத்து மீன்களின் மாதிரியும் ஒப்பிடக் கட்டாயம் வேண்டும்.

முடிவு வரும்வரை தாய்மீன்களை வேறு கடல்பகுதிக்கு மாற்றுங்கள். முட்டையிடும் நேரத்தில் மாற்றிப் பயனில்லை. முட்டைக்கரு சேர்வது சில மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும், அதற்கும் முன் மாற்ற வேண்டும். வளர்ப்பு மீன்கள் இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்.