அந்த ஆடு என்னுடையது இல்லை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு நாலரை வயது. தமுக்கம் புத்தகக் கண்காட்சியில் உங்கள் மழைப் பாட்டுப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். தினமும் ராத்திரி அதுதான் வேண்டும் என்கிறாள். ஆனால் பாட்டைக் கேட்பதே இல்லை. நான் இரண்டாவது வரியை முடிப்பதற்குள் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "ஆடு எங்க, ஆடு எங்க" என்று தேடுகிறாள். உங்கள் ஆடு அவளை அப்படி மயக்கி வைத்திருக்கிறது. பாட்டைக் கவனிக்க வைப்பது எப்படி? காசு கொடுத்து வாங்கிக் கிழிக்கவா என்று என் மாமியார் கோபப்படுகிறார். முதலில் தமிழ்ப் புத்தகமா ஆங்கிலமா என்று வீட்டில் வேறு தகராறு. ஏப்ரல் 2, குழந்தைகள் புத்தக நாளன்று தெருப் பிள்ளைகளுக்கு உங்கள் பாட்டுகளை வைத்து ஒப்புவித்தல் போட்டி நடத்தலாம் என்றிருக்கிறோம். யோசனை சொல்லுங்கள்.

ஒரு வாசகி, திருநகர், மதுரை

*

அன்புள்ள சகோதரிக்கு,

அது என் ஆடு இல்லை.

புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பாட்டுகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். தவளை வரும், குடை வரும், தண்ணீர் லாரி வரும். ஆடு என்ற சொல்லே எங்கும் கிடையாது. முதல் பாட்டில் நான் எழுதியது நாலு வரி. மேகம் கறுக்கிறது, காற்று அடிக்கிறது, மழை வருகிறது, எல்லோரும் ஓடுகிறார்கள். யார் ஓடுகிறார்கள் என்று நான் எழுதவில்லை, யோசிக்கவும் இல்லை. மொட்டைமாடியில் வடகம் காயப்போட்ட ஆச்சியைக் கொண்டுவந்தவர் ஓவியர். முந்தானையில் வடகத்தை அள்ளிக்கொண்டு ஆச்சி படியிறங்குகிறார். ஒரு கால் அந்தரத்தில் நிற்கிறது. கீழே தெருச் சுவரில் நனைந்து தொங்கும் சினிமா போஸ்டரை ஒரு கறுப்பு ஆடு நிதானமாகத் தின்றுகொண்டிருக்கிறது. ஊரே ஓடும்போது அது மட்டும் ஓடவில்லை. உங்கள் மகள் பிடித்துக்கொண்டது அந்த நிதானத்தைத்தான். 32 பக்கம் முழுக்க அந்த ஆட்டை ஒளித்து வைத்ததும் ஓவியர் யோசனைதான்.

'உங்கள் ஆடு' என்று எனக்கு வந்த கடிதங்களில் உங்களுடையது பன்னிரண்டாவது. முதலில் வந்த சிலவற்றுக்கு நன்றி என்று பதில் போட்டிருக்கிறேன். அடுத்தவர் ஆட்டை என் பட்டியில் அடைத்துக்கொண்ட காரியம் அது. நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

புத்தகம் வந்த வருடம் தமுக்கத்துக்கு அந்த ஓவியர் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளை அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தது. அட்டையில் விரல் வைத்துத் தலைப்பைப் படித்தது, என் பெயரைப் படித்தது, பின்னட்டையைத் திருப்பியது, மறுபடி முன்னட்டைக்கு வந்தது. "அப்பா, ஒம் பேரு எங்கப்பா?" அவர் உள்ளே விலையும் பதிப்பும் போட்டிருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினார். "இவ்ளோ குட்டியாவா?" என்றது. "அட்டை பூரா நம்ம ஆடு நிக்குதுல்ல, அது போதும்டா" என்று தூக்கிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு பெயர் போட்டால் அட்டை அடைசலாகிவிடும் என்று பதிப்பகத்தில் சொன்னபோது சரி என்று தலையாட்டியது நான்தான். படத்துக்கு இவ்வளவு என்று அவருக்கு ஒரே தடவை பணம் கொடுத்து முடித்துவிட்டார்கள். ராயல்டி எனக்கு மட்டும்.

என் அப்பத்தா இருந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். செல்லூரில் எங்களுக்குத் தறி வீடு. அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மாதம் தவறாமல் அம்புலிமாமா வாங்கவைப்பாள். ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே, என்னை எதிரே உட்காரவைத்துப் படத்தை விரித்துப் பிடிக்கச் சொல்வாள். கதையை நான் படிக்கும் முன் அவளே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். விக்கிரமாதித்தன் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு உருவிய வாளோடு நடக்கிற படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதைப் பார்த்து ஒருநாள் சொன்னாள்: "இதப் போட்டவன் பாரம் தூக்குனவன்டா. ஒரு தோள்ல சுமை இருந்தா மறு கை இப்படித்தான் வெறைக்கும்." நூல் மூட்டை சுமந்த தோள் அவளுடையது. "ஓரத்துல என்னமோ எழுதியிருக்கே, படி" என்றாள். படித்தேன், சங்கர். "சங்கரன் நல்லாருக்கணும், கண்ணும் கையும் நல்லாருக்கணும்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அது நடந்தது. இன்னொரு கையெழுத்து சித்ரா என்றிருக்கும். "அந்தப் புள்ளைக்கு என்னா கை" என்று ஆச்சரியப்படுவாள். சித்ரா என்பது டி.வி.ராகவன் என்கிற ஆணின் புனைபெயர் என்று எனக்குத் தெரிந்தபோது அவள் இல்லை.

சங்கர் என்கிற கே.சி.சிவசங்கரன் 1924-இல் பிறந்து 2020-இல் இறந்தார். 1947-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் எத்தனை மொழிகளில் இருக்கிறார்கள்! பத்மஸ்ரீ அவருக்கு 2021-இல் வந்தது, இறந்த பிறகு. படிக்கத் தெரியாத ஒரு நெசவாளக் கிழவி மாதாமாதம் அவர் பெயரைச் சொல்லி வாழ்த்தியிருக்கிறாள். படித்த நாம் உட்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

நீங்கள் கொண்டாடப் போகும் ஏப்ரல் 2, ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பிறந்த நாள். அவர் பெயரில் ஒரு சர்வதேச விருது இருக்கிறது. 1956-இல் எழுத்தாளர்களுக்கு என்று தொடங்கினார்கள். பத்து வருடம் கழித்து, 1966 முதல் ஓவியர்களுக்கும் தனியாகக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கே பத்து வருடம் பிடித்திருக்கிறது. நம் சாகித்ய அகாதெமியின் குழந்தை இலக்கிய விருதான பால சாகித்ய புரஸ்கார் 2010-இல் ஆரம்பித்தது, அது எழுதுகிறவர்களுக்கு. படம் போடுகிறவர்?

அந்த நாளில் போய் ஒப்புவித்தல் போட்டி வைக்கிறேன் என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் கைகட்டி ஒப்பிக்கிற பிள்ளைகளை விடுமுறையிலும் நிற்கவைத்து மார்க் போடுவீர்களா? மூன்று பிள்ளைக்குப் பரிசு, மீதிப் பிள்ளைகளுக்கு அழுகை. இதற்குப் பாட்டு எதற்கு? போட்டியை விடுங்கள். திண்ணையிலோ மாடியிலோ பாயை விரித்து, இருக்கிற படப் புத்தகங்களையெல்லாம் பரப்பிப் போடுங்கள். புரட்டட்டும், தலைகீழாகப் பிடிக்கட்டும். ஒரு புத்தகத்தை நீங்கள் வாசிப்பதானால் தலைப்பைச் சொன்னதும் படம் யார் போட்டது என்று உரக்கச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். எழுத்து தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். சில புத்தகங்களில் தேடித் தேடிக் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றும் உரக்கச் சொல்லுங்கள். மறுபடி சொல்கிறேன், தலைப்பு, எழுதியவர், படம் போட்டவர், மூன்றும் ஒரே குரலில். உங்கள் வீட்டில் இன்று ராத்திரியே இதைத் தொடங்கலாம்.

தமிழா ஆங்கிலமா என்பது இரண்டாம் பட்சம். படத்துக்கு எந்த மொழியும் ஒன்றுதான். உங்களுக்கு வாய்க்கு வருகிற மொழியில் வாசியுங்கள். வேறு புத்தகங்கள் வேண்டுமானால் நத்தம் சாலையில் கலைஞர் நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்குக் கூட்டிப் போங்கள். அத்தை கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது, காசு அவர்களுக்கும் அருமைதானே. கிழிந்தால் ஒட்டலாம். எங்கள் அப்பத்தா தறி நூலுக்குப் போடக் காய்ச்சிய கஞ்சியின் மிச்சத்தில் ஒட்டுவாள். அந்த ஒட்டோடு ஒரு பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

பாட்டைக் கேட்பதில்லை என்றீர்களே, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். கண் ஆட்டைத் தேடட்டும், காது உங்களிடம்தான் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு வரியை மாற்றிப் பாடிப் பாருங்கள், சண்டைக்கு வருவாள்.

இந்தப் பதிலை எழுதும் முன் ஓவியருக்குப் போன் செய்து உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பதிப்பு வந்தால் இரண்டு பெயரும் ஒரே அளவில் அட்டையில் வரும், அதை எழுத்திலேயே கேட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பாப்பா பதினாலாம் பக்கத்துல கண்டுபிடிச்சிருச்சா? கேட்டுச் சொல்லுங்க. அங்க வால் மட்டும்தான் போட்டேன்" என்றார்.

போனை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். தண்ணீர் லாரிக்காகத் தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கிற பக்கம். பச்சைக் குடத்துக்கும் நீலக் குடத்துக்கும் நடுவில், சின்னதாக, கறுப்பாக ஒரு வால். புத்தகம் வந்து ஆறு வருடம் ஆகிறது. நான் அதை இப்போதுதான் பார்க்கிறேன்.