பைபிளின் 145ஆம் சங்கீதத்தை யூதர்கள் ஏன் தினமும் மூன்று முறை சொல்கிறார்கள்?

யூத மரபுச் சட்டங்களும் விளக்கங்களும் அடங்கிய தல்மூதின் பெராகோத் பகுதி இரண்டு காரணங்களைத் தருகிறது. ஒன்று, இதன் வசனங்கள் எபிரேய அகரவரிசைப்படி தொடங்குகின்றன. மற்றதுதான் உயிர்நாடி: கடவுள் கையைத் திறந்து எல்லா உயிர்களையும் திருப்தியாக்குகிறார் என்னும் 16ஆம் வசனம். காலை ஜெபத்தில் அந்த வரி வரும்போது, புஜத்தில் கட்டிய தெபிலின் என்னும், வேத வசனங்கள் அடங்கிய சிறு தோல் பெட்டியையும் அடுத்துத் தலையில் உள்ளதையும் பலர் தொட்டுக்கொள்வார்கள். மனம் ஒன்றாமல் அதைச் சொல்லிவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது விதி. துதி வெறும் வாய்ப்பாடாகிவிடக் கூடாது என்ற இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

'அஷ்ரே' என்ற பெயரில் காலையில் இருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் இது ஒலிக்கிறது. மரபுப் பிரதியில் 'நூன்' எழுத்துக்குரிய வசனம் மட்டும் இல்லை; சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த பழைய சங்கீதச் சுருளில் அது இருக்கிறது.