ஒன்றே முக்கால் மணியில் சென்னையா? டிக்கெட் நேரத்தைக் கணக்கிடும் முறை

கேள்வி: காலை 9.30க்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் புறப்படும் விமானம் 11.10க்குச் சென்னை சேரும் என்கிறது டிக்கெட். திரும்பும்போது இரவு 11.15க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.10க்குத்தான் வருகிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? மதுரைக்குப் பகல் 1.20 விமானத்தில் தனி டிக்கெட் எடுக்கலாமா?

பதில்: டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. போகும்போது அதைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். போக 4 மணி 10 நிமிடம், வர 4 மணி 25 நிமிடம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சாங்கியிலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் சுமார் 2,920 கி.மீ. ஏ320, 737 போன்ற விமானங்கள் உயரத்தில் சீராகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 840 கி.மீ. போகும். வகுத்தால் மூன்றரை மணி வரும். இணையத்தில் கிடைக்கும் தூரக் கணிப்பான்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, வான்பாதையும் நேர்கோடல்ல. அதற்கு 15, 20 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், தரையிறங்கிய பின் கேட்டுக்கு வருவதற்கும் இன்னொரு 20 நிமிடம். விமான நிறுவனம் குறிப்பது கேட்டிலிருந்து கேட் வரையிலான நேரம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். சென்னைக்குப் போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். பொங்கலுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: போகி காலையில் புகையும் பனியும் சேர்ந்தால் ஓடுபாதையே தெரியாது. அன்று அதிகாலையில் இறங்கும் விமானத்தைத் தவிர்ப்பது நல்லது.

இனி மதுரை. 1.20 விமானம் வேண்டாம். உள்நாட்டு விமானத்துக்கான பெட்டி கவுண்ட்டரை வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே, அதாவது 12.20க்கு, மூடிவிடுவார்கள். 11.10க்கு விமானம் நின்றால் உங்கள் கையில் இருப்பது 70 நிமிடம். அதற்குள் குடிநுழைவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, சுங்கம், உள்நாட்டு முனையத்துக்கு நடை, மறுபடி பெட்டி போடும் வரிசை எல்லாம் முடிய வேண்டும். சாங்கியில் அரை மணி தாமதமானாலே கதை முடிந்தது. தனித்தனி டிக்கெட் என்பதால் மதுரை விமான நிறுவனம் வேறு இடம் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. 3 மணிக்குப் பிறகு புறப்படுவதைப் பாருங்கள். அல்லது இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள்; முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

பெட்டி நிறைய இருந்தால் திருச்சிக்கே நேரடியாகப் போவது இன்னும் எளிது. தூரம் சுமார் 2,980 கி.மீ., சென்னையைவிட ஐந்து நிமிடம்தான் கூடுதல். அங்கிருந்து மதுரைக்குக் காரில் இரண்டரை மணி.

நள்ளிரவு விமானம் எடுத்தால் தேதியை இருமுறை பாருங்கள். சனிக்கிழமை 00.30 என்றிருந்தால் வெள்ளி இரவு 10 மணிக்கே சாங்கியில் இருக்க வேண்டும். ஊரில் அழைக்க வருகிறவர்களிடம் ‘சனி அதிகாலை 2.10’ என்று கிழமையோடு சொல்லிவிடுங்கள். ‘வெள்ளி ராத்திரி கிளம்புறோம்’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் எந்த நாள் வந்து நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.